காரியாற்றுக் களமும் பாசறைப் புலம்பலும்

புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குரிய பழங்குறிப்பு, காரியாற்றில் உயிர்நீத்தவன் என்னும் அடைமொழியோடு நெடுங்கிள்ளி என்ற சோழ மன்னனைச் சுட்டுகின்றது. இறந்த இடத்தைப் பெயரோடு இணைத்து வழங்குதல் சங்ககால வேந்தர் பெயர்களில் காணப்படும் மரபாகும். குளமுற்றம், குராப்பள்ளி, இலவந்திகைப்பள்ளி, சித்திரமாடம் என்னும் இடங்கள் இவ்வாறே மன்னர் பெயர்களோடு ஒட்டி நிலைபெற்றன. காரியாறு மட்டும் இவ்வரிசையில் தனித்து நிற்கின்றது. உறையூரிலும் ஆவூரிலும் முற்றுகைகளாக நிகழ்ந்த சோழர் தாயப்பூசல் ஒன்று, அந்த ஆற்றங்கரையில்தான் முடிந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இப்பூசலில் நலங்கிள்ளியின் பெயர் நமக்குக் கிடைக்கின்றது. நெடுங்கிள்ளியின் பெயர் கிடைக்கின்றது. இருவருக்கும் இடைநின்று பேசிய கோவூர்கிழாரின் பெயரும் கிடைக்கின்றது. இருபுறமும் படையாய் நின்றவர் யார், அவர்கள் பாசறையில் எவ்வாறு இரவைக் கழித்தனர், விட்டுவந்த இல்லத்தை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு மேற்குறித்த பாட்டுகளில் விடையில்லை. பாசறையிலிருந்து வீட்டை எண்ணி வருந்தும் மறவனின் குரல் சங்க இலக்கியத்தில் இல்லாமலும் இல்லை. அது அகப்பாட்டுகளில் பெயரற்றவனின் குரலாக ஒலிக்கின்றது. பெயர் ஒரு பக்கமும் புலம்பல் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பதன் காரணத்தையும், ஒரே குடியினர் தமக்குள் பொருத போரில் அப்பிரிவு பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

காரியாறு

காரியாற்றின் இருப்பிடம் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. எனினும், திருக்காரிக்கரை என்னும் ஊர்ப்பெயரைத் துணையாகக் கொண்டு அதனை வேங்கடத்தை அடுத்த பகுதியில் தேடியவர் உளர். காரிக்கரை என்பது இன்று இராமகிரி என வழங்கும் ஊராகும். முன்னைய சித்தூர் மாவட்டத்தில் பிச்சாட்டூர் மண்டலத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்பொழுது அடங்கியுள்ளது. தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. திருநாவுக்கரசர் பல ஊர்களும் மலைகளும் காடுகளும் கடந்து காரிக்கரையை வணங்கிப் பின்னர்த் திருக்காளத்தி சென்றதாகப் பெரியபுராணம் கூறும். சேக்கிழார் காலத்திலும் அது காடும் மலையும் அடர்ந்த வழியாகவே நினைக்கப்பட்டமை இதனால் பெறப்படுகின்றது. நந்தியின் வாய்வழி நீர் ஓயாது விழும் குளத்தைக் காண இராமகிரிக்கு இன்று வருவோர் பலர். அவ்வூரை ஒரு சோழனின் இறுதியோடு சேர்த்து எண்ணுவோர் மிகச் சிலரே.

கரை என்னும் ஈறு அவ்வூர் ஒரு நீர்நிலையை ஒட்டி அமைந்ததைக் காட்டும். காரி என்பது அந்நீரின் பெயராதல் இயல்பு. இது உறுதியான சான்று அன்று. பெயர் ஒப்புமையின் வலிமை மட்டுமே இதற்கு உண்டு. எனினும் வேறு வகையிலும் இம்முடிபு பொருந்தி வருகின்றது. மணிமேகலையில், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை, சோழர் குடியைச் சேர்ந்த இளங்கோ ஒருவன் விற்கொடியும் கயற்கொடியும் உயர்த்தி வந்தோரைக் காரியாற்றில் வென்றதைக் கூறுகின்றது. சோழர் கை தொண்டை நாட்டின் வட எல்லை வரை நீண்டிருந்த காலத்தில் அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட போர்கள் நிகழ்ந்திருத்தல் கூடும்.

மணிமேகலை கூறும் போரும் நெடுங்கிள்ளி இறந்த நிகழ்வும் ஒன்றே எனக் கொள்ளுதல் எளிது. ஆனால் அவ்வாறு கொள்ளச் சான்று போதாது. மணிமேகலைப் போரில் எதிர்நின்றோர் சேரரும் பாண்டியரும் ஆவர். கொடியும் கண்ணியும் வேறுபட்ட இரு தரப்பினர் அங்குப் பொருதனர். நெடுங்கிள்ளியின் செய்தி அவ்வாறன்று. மேலும், அவன் காரியாற்றில் இறந்தான் என்று மட்டுமே குறிப்பு கூறுகின்றது. யார் கையால், எந்தப் போரில் என்பதை அது கூறவில்லை. பாட்டைவிடக் குறிப்பு பிற்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. உறையூரில் அடைபட்டிருந்தவன் அங்கிருந்து வெளியேறி நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே சென்று இறந்தான் என்றால், இடையில் நெடிய செலவும் பல பாசறைகளும் இருந்திருத்தல் வேண்டும். பாட்டுகள் மௌனம் காக்கும் இடம் அதுவேயாகும்.

ஆரும் ஆரும்

இப்பூசலைக் கோவூர்கிழார் இரண்டு முற்றுகைகளின் வழியாகக் காட்டுகின்றார். முதலாவது ஆவூர் முற்றுகை (புறம். 44). கோட்டையின் உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருக்கின்றான். புலவர் அவனது வீரத்தைப் பற்றி ஒன்றும் கூறாது, உள்ளே நிகழ்வனவற்றை அடுக்குகின்றார். களிறுகள் பிடிகளோடு பெருங்குளத்தில் படியச் செல்லவில்லை. நெய் கலந்த கவளம் பெறவில்லை. கட்டிய கம்பத்தை வருத்தி, கையை நிலத்தில் புரட்டி, இடிபோல் முழங்குகின்றன. குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. மகளிர் பூவற்ற வெறுந்தலையை முடிக்கின்றனர். இல்லங்களில் நீரின்மையால் எழும் ஓலம் கேட்கின்றது. இவற்றைக் கேட்டுக்கொண்டு இனிதிருத்தல் கொடிது என்று உரைத்து, அறத்தை விரும்பின் கதவைத் திறந்து கொடுத்துவிடு, மறத்தை விரும்பின் திறந்து போர் செய், இரண்டும் இன்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்கின்றார். சங்ககால முற்றுகையைக் கோட்டையின் உள்ளிருந்து, அதுவும் பாலும் பூவும் நீரும் கொண்டு அளந்த சான்று இதற்கு நிகராகப் பிறிதொன்றைக் கூறுதல் அரிது.

இரண்டாவது உறையூர் முற்றுகை (புறம். 45). இங்குப் புலவரின் வாதம் ஒரு மலரைப் பற்றியதாகின்றது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரன் அல்லன். வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். நின் கண்ணியும் ஆர், நின்னோடு பொருபவன் கண்ணியும் ஆர். ஒருவர் தோற்பினும் தோற்பது நும் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. இதனைக் காணும் பிற வேந்தர்க்கே இது மெய்பூரிக்கும் உவகை என அவர் முடிக்கின்றார்.

இப்பாட்டை அறிவுரைப் பாட்டாகவே பெரும்பாலும் நோக்கியுள்ளனர். அதில் ஒரு படைக்களச் செய்தியும் பொதிந்துள்ளது. போர்க்களத்தில் மலர் என்பது அழகுக்கு உரியது மட்டுமன்று. தன் தரப்பையும் மாற்றார் தரப்பையும் வேறுபடுத்தும் அடையாளமும் ஆகும். போந்தை, வேம்பு, ஆர் என மூவேந்தர்க்கும் மூன்று பூக்களைத் தொல்காப்பியம் இலக்கணமாக்கியதும் இப்பயன் கருதியே. இரு தரப்பும் ஆரே சூடிய களத்தில் அவ்வடையாளம் பயனற்றுப் போகின்றது. மொழியும் ஒன்று, உணவும் ஒன்று, ஊர்களும் அடுத்தடுத்தவை.

அடையாளம் அழிந்த இடத்தில் ஐயம் தோன்றுதல் இயல்பு. 47ஆம் பாட்டு அதற்கே சான்றாகின்றது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். பரிசில் தேடிப் பறவைபோல் அலைவோர் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர் என்று எடுத்துரைத்துக் கோவூர்கிழார் அவனைக் காத்தார். சேர நாட்டிலிருந்து ஒரு புலவன் வந்திருப்பின் அவன்மீது இவ்வையம் இத்துணை விரைவில் எழுந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

நலங்கிள்ளி தானே பாடியதாக உள்ள வஞ்சினப் பாட்டிலும் (புறம். 73) மாலை இடம்பெறுகின்றது. பணிந்து வந்து இரப்பின் அரசையும் உயிரையும் கொடுப்பேன். இகழ்ந்தோரைச் சென்று தாக்கேனாயின் உள்ளத்தில் அன்பில்லா மகளிரின் தழுவலில் என் மாலை கசங்குக என்பது அவன் சூளுரை. பகைவன் யார் எனப் பாட்டு கூறவில்லை. தோல்விக்கு ஈடாக அவன் தனக்கு விதித்துக்கொண்ட தண்டனை அன்பற்ற தழுவல் ஆகும். மன்னனின் சினத்துக்கு உள்ளேயும் இல்லத்தின் அன்பே அளவுகோலாக நிற்றலை இது காட்டும்.

பாசறையின் இரவு

இனி அகத்துறைப் பாட்டுகளுக்கு வருவோம். தலைவன் கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் தொல்காப்பிய அகத்திணையியல் பாசறைப் புலம்பலை அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. பாசறைக்கு மனைவியை உடன்கொண்டு செல்லலாகாது என்பதையும் தொல்காப்பியம் விதிக்கின்றது. புலம்பல் என்பது தனிமையைக் குறித்த சொல் ஆதலின், இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன எனலாம். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் பாசறைக்கெனவே ஒரு பத்தை (441–450) ஒதுக்கியமை இத்துறை பெற்றிருந்த செல்வாக்கைப் புலப்படுத்தும்.

பாசறையின் புறத்தோற்றத்தை அறிய முல்லைப்பாட்டே தலையாய சான்று. காட்டாறு சூழ்ந்த அகன்ற நிலம். புதர்களை வெட்டி, வேட்டுவரின் சிற்றரண்களை அழித்து, முள்வேலி இட்டு, கடல்போல் பரந்த பாடி. தழை வேய்ந்த குடில்களின் தெருக்கள் கூடும் இடத்தில் யானை காவல் நிற்கின்றது. கரும்பும் நெற்கதிரும் அதற்குப் பிடிக்கவில்லை. வடசொல் பேசிப் பாகர் அதற்கு ஊட்ட முயல்கின்றனர். ஊன்றிய விற்களில் தூணிகள் தொங்குகின்றன. கச்சில் குறுவாள் செருகிய மகளிர் விளக்கிற்கு நெய் பெய்து திரி ஏற்றுகின்றனர். தூக்கக் கலக்கத்தோடு காவலர் சுற்றிவருகின்றனர். நீர்க்கடிகையால் பொழுதளப்போர் நாழிகையை அறிவிக்கின்றனர். யவனர் அமைத்த உள்ளறையில் மன்னன் படுத்திருக்கின்றான், உறக்கம் இல்லை. புண்பட்ட களிற்றையும், அம்பு தைத்துத் தீனி கொள்ளாது செவி சாய்த்து நிற்கும் குதிரையையும், தனக்காக இறந்தவர்களையும் நினைந்து கிடக்கின்றான்.

103 அடிகளில் அமைந்த இப்பாட்டில் பாசறைக்கு இத்துணை அடிகள் ஒதுக்கப்பட்டிருந்தும், குடிலுக்குள் இருக்கும் படைமறவனின் உள்ளத்தை நப்பூதனார் திறந்து காட்டவில்லை. ஏக்கமும் உறக்கமின்மையும் மன்னனுக்கே உரியனவாகின்றன. மறவனுக்குரியது காவல்.

இக்குறையை ஓரளவு நிரப்புவது அகநானூற்றின் 24ஆம் பாட்டு. ஆவூர் மூலங்கிழார் பாடியது. பனித்தூறல் விடாத கடைநாளில் தென்திசை நோக்கித் திரளும் மேகத்தைக் கண்டு தலைவன் தன் காதலியை எண்ணுகின்றான். அவன் இருக்கும் இடம் முற்றுகைப் பாசறை. மதிற்கதவில் பாய்ந்து பாய்ந்து பூண் பிளந்து நுனி மழுங்கிய கொம்புடைய யானையின் மணியொலி அங்குக் கேட்கின்றது. கேடகங்களின்மேல் கணைகள் வந்து தைக்கின்றன. நள்ளிரவிலும் வேந்தன் துயிலவில்லை. உருவிய வாள் உறைக்குள் செல்லவில்லை. படை உறங்குகின்றது. அப்படையின் நடுவே அவன் ஒருவன் விழித்திருந்து பேசுகின்றான்.

இதனைப் புறநானூற்றின் 44ஆம் பாட்டோடு இணைத்துப் படித்தால் ஒரே மதிலின் இருபுறமும் தெரிவது போன்ற தோற்றம் உண்டாகின்றது. உள்ளே கவளமின்றி முழங்கும் களிறு. வெளியே கதவில் மோதிக் கொம்பு மழுங்கிய களிறு. உள்ளே பூவற்ற தலையை முடிக்கும் மகளிர். வெளியே நெடுந்தொலைவில் உள்ள ஒருத்தியை எண்ணும் மறவன். மூலங்கிழாரின் ஊர் ஆவூர் என்பதும், அவர் கிள்ளிவளவனைப் பாடிச் சோழர் அவையோடு பழகியவர் என்பதும் உண்மை. ஆயினும் அவர் பாடிய முற்றுகை நலங்கிள்ளியினுடையது என்று கூற யாதொரு சான்றும் இல்லை. ஆவூர் என்னும் பெயரும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கும் ஆசை இக்கட்டுரையாளருக்கும் எழுந்தது. அதனைக் கைவிடுதலே முறை.

மதுரை எழுத்தாளன் பாடிய 84ஆம் பாட்டு இன்னொரு கூற்றைச் சேர்க்கின்றது. மழை பெய்து முல்லை நிலம் தழைத்திருக்கின்றது. அவள் அங்கே இருக்கின்றாள். தானோ, பகைவர் திறை கொடுக்க முன்வந்தும் ஏற்காது சினம் மிகுந்து மேலும் படையைச் செலுத்தும் வேந்தனின் பாசறையில் இருப்பதாக அத்தலைவன் கூறுகின்றான். வெளிப்படையான முறையீடு இதில் இல்லை. திறையை ஏற்றிருந்தால் போர் முடிந்திருக்கும், தான் வீடு சேர்ந்திருக்கலாம் என்பதைக் கேட்போர் உணர்ந்துகொள்ள விட்டுவிடுகின்றான். வேந்தனின் பிடிவாதத்துக்கு மறவன் தன் கார்காலத்தை விலையாகக் கொடுக்கின்றான். ஆவூர்க் கதவைத் திறவாத நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் வெளிப்படையாகக் கூறியதற்கும் இவன் கூறாது கூறியதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

ஒரு வேப்பிலையின் விலை

அவ்வாறாயின் இவன் பெயர் ஏன் இல்லை? அன்புடைய இருவரைப் பற்றிய அகத்திணைப் பாட்டில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அவ்விதி எவ்வளவு கடுமையாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கணவனைப் பிரிந்த அரசியின் துயரத்தையும் பாசறையில் உறங்காத அரசனையும் 188 அடிகளில் நக்கீரர் பாடியுள்ளார். பொருளால் அது அகமே. ஆனால் பாசறையில் ஒருவன் ஏந்திவரும் வேலின் தலையில் வேப்பிலை கட்டப்பட்டுள்ளது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே தலைவன் சுட்டப்பட்டுவிட்டான் எனக் கொண்டு நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறம் என்றார். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனே அத்தலைவன் என உரைமரபு கொண்டது. அவன் வென்றதும் சேர சோழரும் வேளிர் ஐவருமாகிய எழுவரை. தமிழர் தமிழரை எதிர்த்த போர் அது.

அதே பாட்டில், தூறல் விழும் நள்ளிரவில் புண்பட்ட மறவரைக் காண அரசன் வருகின்றான். வேல் ஏந்தியவன் முன்சென்று ஒவ்வொருவராகக் காட்டுகின்றான். அரசனின் ஒரு கை, வாளைத் தோளில் மாட்டிய காளை ஒருவனின் தோள்மேல் இருக்கின்றது. பாசறையில் வேந்தனும் படைமறவனும் ஒருவரையொருவர் தொட்டு நிற்கும் காட்சி சங்க இலக்கியத்தில் அரிது. வேப்பிலை அரசனைச் சுட்டுகின்றது. தோள் கொடுத்தவன் அரண்மனையில் காத்திருக்கும் அரசியைப் போலத் தனக்கும் ஒருத்தி உண்டு என நினைத்தானா என்பதைப் பாட்டு கேட்கவில்லை.

ஓர் இலையைக் கொண்டு ஒரு பாட்டை அகத்திலிருந்து புறத்துக்கு மாற்றும் இலக்கண மரபு நம்முடையது. இம்மரபின்படி, காரியாற்றில் நின்ற மறவனின் ஏக்கம் இருவழியாலும் பதிவு பெற இயலாது. அவனைச் சுட்டினால் ஏக்கம் அகமாகாது. ஏக்கத்தைப் பாடினால் அவனைச் சுட்டலாகாது. தரப்பையாவது பூவால் உணர்த்தலாமா எனின், இருபுறமும் ஆரே சூடிய களத்தில் அதற்கும் வழியில்லை. வேம்பு கட்டிய வேல் பாண்டியனைக் காட்டிக்கொடுத்தது போல ஆர்மாலை நெடுங்கிள்ளியின் மறவனைக் காட்டிக்கொடுத்திருக்காது. அது நலங்கிள்ளியின் மறவனையும் சேர்த்தே சுட்டியிருக்கும்.

பெயரே இல்லை என்பதும் முழுமையன்று. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனைப் பெயரோடு குறிக்கின்றது. கல்லில் பெயரும் ஊரும் பூசலும் உள்ளன, ஏக்கம் இல்லை. பிரிட்டனின் வடபகுதியில், வின்டொலாண்டா என்னும் உரோமானியப் படைநிலையில் 1973 முதல் கிடைத்த மெல்லிய மரப்பலகை மடல்களுள் ஒன்று, படைநிலையில் இருப்பவனுக்குக் காலுறைகளும் இரண்டு இணைச் செருப்புகளும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பப்பட்டதைக் கூறுகின்றது. பாட்டாக எழுதப்படாமையால் அம்மடலுக்கு இலக்கணத் தடை இருந்ததில்லை. நம் மறவனின் வீட்டிலிருந்து பாசறைக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லும் ஓலை ஒன்றும் நம்மிடம் இல்லை.

வேங்கடத்துக்கு உம்பர்

வேங்கடப் பகுதி அகப்பாட்டுகளில் பெரிதும் இடம்பெறுவது பாலைத் திணையிலாகும். மாமூலனாரின் பாட்டுகளில் தலைவன் வேங்கடத்தைக் கடந்து மொழி வேறுபட்ட நாட்டிற்குச் செல்கின்றான் (அகம். 211). அவன் செல்வது பொருளுக்காக, போருக்காக அன்று. இவ்வேறுபாட்டை மறந்து வேங்கடப் பாட்டுகளைப் படைமறவனின் பாட்டுகளாகப் படித்தல் தவறாகும். எனினும் அவை நமக்கு நிலத்தைத் தருகின்றன. கள்வர் கோமான் புல்லியின் வேங்கடம், யானைக் கொம்பைக் கொடுத்துக் கள்ளைப் பெறும் மக்கள், விழாக்களின் சிறப்பு ஆகியவற்றை 61ஆம் பாட்டு கூறும். அத்தகைய வேங்கடத்தையே பெற்றாலும் அவர் அங்குத் தங்கமாட்டார் என்று தோழி தலைவியைத் தேற்றுகின்றாள். வீட்டிலிருந்து நோக்குவோர்க்கு அம்மலை, கணவர் திரும்பாமல் போகக்கூடிய எல்லையாகத் தோன்றியது என்பதை இத்தேற்றுரையே உணர்த்திவிடும். பனம்பாரனார் பாயிரத்தில் தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லையாகக் குறித்ததும் அதே மலையைத்தான்.

காவிரிக்கரையிலிருந்து நலங்கிள்ளியோடோ நெடுங்கிள்ளியோடோ புறப்பட்டவன் காரியாற்றங்கரையில் பாடியிறங்கியபோது, அவனுக்குத் தெரிந்த பேச்சு முடியும் இடத்துக்கு அருகில் வந்துவிட்டான். அடுத்த மலைக்கு அப்பால் வடுகர் மொழி. எதிர்ப்பாடியிலிருந்து இரவில் கேட்ட குரல்களோ அவன் ஊர்ப்பேச்சிலேயே இருந்திருக்கும். அந்த நிலத்தில் அவனுக்கு விளங்கும் மொழியைப் பேசியவர்களுள் ஒரு பகுதியினர் அவன் கொல்ல வேண்டியவர்களாக இருந்தனர். அவர்களுள் தன் ஊரானோ உறவினனோ இருப்பதை அறிந்து இருளில் ஒருவன் அப்பாடிக்குச் சென்றிருப்பின், இளந்தத்தன்மீது விழுந்த ஐயம் அவன்மீதும் விழுந்திருக்கும். இளந்தத்தனுக்காகப் பேசக் கோவூர்கிழார் உறையூரில் இருந்தார்.